சாம்பியன் அணிக்கே மைதானம் இல்லை: பிரிட்டிஷ் ஸ்பீட்வே இன்னும் எத்தனை சீசன் தாங்கும்?

பிராண்டன்வாசி | 5 ஜனவரி 2025, இரவு 9:12

நேற்று ரக்பி ஊரில் ஒரு வேலை. திரும்பும்போது வேண்டுமென்றே பழைய பிராண்டன் மைதானம் வழியாக வந்தேன். வந்திருக்கக் கூடாது. வெளிக்கதவில் பூட்டு, உள்ளே புதர் மண்டிக் கிடக்கிறது, யாரோ தீ வைத்துக் கருகிப்போன கட்டடம். மண் ட்ராக்கில் ஓட்டும் பைக் பந்தயமான ஸ்பீட்வே 1928-லிருந்து ஓடிய இடம் அது. 2005, 2007, 2010 என்று மூன்று முறை அன்றைய முதல் டிவிஷனான எலைட் லீக்கை ஜெயித்த கவென்ட்ரி பீஸ் அணியின் வீடு. 2016-க்கு அப்புறம் அங்கே ஒரு பைக் சத்தம் கேட்கவில்லை.

என் மகனை ஏழு வயதில் முதலில் கூட்டிப்போனது அங்கேதான். நாலாவது வளைவில் வேலியை ஒட்டி நின்றோம். முதல் ஹீட்டிலேயே, அதாவது முதல் ரேஸிலேயே, சிவப்புச் சரளை வாரி எங்கள் மேல் அடித்தது. பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததால் வாய்க்குள்ளும் கொஞ்சம் போனது. அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிப்போன புத்திசாலி நான்தான். இப்போது அவனுக்கு 27 வயது. பிராண்டன் போய்ப் பார்த்தேன் என்று சொன்னால், "விடுப்பா, அது முடிஞ்ச கதை" என்கிறான்.

முடிந்த கதையா என்று கேட்கத்தான் இந்த இழை. 2016-லிருந்து முதல் டிவிஷனை ஜெயித்த அணிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2016 வுல்வர்ஹாம்ப்டன். 2017 ஸ்விண்டன். 2018 பூல். 2019 மறுபடியும் ஸ்விண்டன். 2020-இல் கோவிட், லீக்கே இல்லை. 2021 பீட்டர்பரோ. 2022 மான்செஸ்டரின் பெல் வியூ, 2023 ஷெஃபீல்ட், 2024 பெல் வியூ.

இதில் ஸ்விண்டன் 2019-இல் கோப்பையைத் தூக்கியதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு லீக் மேட்ச்கூட ஓட்டவில்லை. பீட்டர்பரோவும் வுல்வர்ஹாம்ப்டனும் 2023 முடிவில் மைதானத்தை இழந்தன. பூல் தானாகவே கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. மிச்சம் பெல் வியூவும் ஷெஃபீல்டும்தான். சாம்பியன்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

---

ஹீட்15 | 5 ஜனவரி, இரவு 10:40

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மைதானம் போனதற்கு எல்லோரும் அதை வாங்கி வீடு கட்டப் பார்க்கும் பில்டரைத் திட்டுகிறோம். வாராவாரம் ஸ்டாண்ட் நிரம்பி வழிந்தால் அந்த நிலத்தின் சொந்தக்காரன் ஏன் விற்கப்போகிறான்?

கணக்கைப் பாருங்கள். டிக்கெட் 20 பவுண்டுக்கு மேல். ஒரு மேட்சில் 15 ஹீட். ஒரு ஹீட் நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக மொத்தம் பதினைந்து நிமிட ரேஸ். அதைப் பார்க்க இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் டிராக்டர் சுற்றிச்சுற்றி வந்து மண்ணைச் சமப்படுத்துவதைப் பார்க்கலாம். எனக்கு அந்த டிராக்டர்காரர் முகம் சில ரைடர்கள் முகத்தைவிட நன்றாகத் தெரியும்.

அதைவிடப் பெரிய நோய் கெஸ்ட் ரைடர். போன வாரம் நாம் கூச்சல் போட்டு எதிர்த்த ஆள் இந்த வாரம் நம்ம ஜெர்சியில் வந்து நிற்கிறான். யாருக்காகக் கை தட்டுவது?

---

புதுவரவு_நெல்லை | 6 ஜனவரி, காலை 7:55

மன்னிக்கவும், நான் யூடியூபில் சில கிளிப் பார்த்துவிட்டு வந்தவன். வளைவில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போகிறதே, பிரேக் பிடித்துத்தான் அப்படித் திருப்புகிறார்களா? கெஸ்ட் என்பது என்ன?

---

மெத்தனால்_மணி | 6 ஜனவரி, மதியம் 1:20

தம்பி, பிரேக்கே கிடையாது. ஒரே கியர், 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடுகிற வண்டி. வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பின்சக்கரத்தை வெளியே தள்ளித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இடது பூட்சின் அடியில் இரும்பு ஷூ மாட்டியிருப்பார்கள், அதை மண்ணில் இழுத்துக்கொண்டே போவார்கள். நாலு பேர், நாலு சுற்று. முதலில் வந்தவருக்கு 3, அப்புறம் 2, 1, கடைசிக்கு முட்டை. அவ்வளவுதான் விளையாட்டு. கிளிப்பில் வராத விஷயம் வாசனை. எஞ்சின் ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்ப்பதால் வருகிற அந்தக் கருகல் மணத்தை ஒரு தடவை மூக்கில் வாங்கினால் போதும், பிறகு சமையலறையில் விளக்கெண்ணெய் பாட்டிலைத் திறந்தாலும் ரேஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

கெஸ்ட் விஷயம் இது. ஒவ்வொரு ரைடருக்கும் ஆவரேஜ் என்று ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. ஒரு அணியின் முக்கிய ஆள் அடிபட்டாலோ, அன்றைக்கு வேறு நாட்டில் ரேஸ் இருந்தாலோ, அதே அளவு அல்லது அதற்குக் கீழே ஆவரேஜ் உள்ள வேறு கிளப் ஆளை ஒரு மேட்சுக்கு மட்டும் கூட்டிவரலாம். விதி வந்த காரணம் நியாயமானதுதான். இந்த விளையாட்டில் எலும்பு முறியாத சீசன் கிடையாது, மாற்று ஆள் இல்லாவிட்டால் பாதி மேட்ச் ஒருதலையாகிவிடும். ஆனால் கெஸ்டைக் கூட்டிவருவதே வாடிக்கையாகிவிட்டது என்று ஹீட்15 சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

நான் ஒரு ரைடருக்குப் பிட்டில், அதாவது வண்டியைத் தயார் செய்யும் இடத்தில், உதவிக்கு நிற்கிறவன். அங்கிருந்து பார்த்தால் வேறு கவலை. இங்கே நல்ல ரைடர் ஒருவரின் வாரம் இப்படி: வெள்ளி போலந்து, ஞாயிறு போலந்து, திங்கள் இங்கிலாந்து, செவ்வாய் ஸ்வீடன், வியாழன் மறுபடியும் இங்கிலாந்து. இதில் பணம் வருவது போலந்தில். இங்கே வருகிறவர்களில் பலர் முதல் டிவிஷனான பிரீமியர்ஷிப்பில் ஒரு அணி, கீழே சாம்பியன்ஷிப்பில் இன்னொரு அணி என்று இரண்டுக்கும் ஓட்டித்தான் வண்டிச் செலவைச் சமாளிக்கிறார்கள். டயர், மெத்தனால், எஞ்சின் டியூனிங், வேனுக்கு டீசல், எல்லாம் ரைடர் கைக்காசு. புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். மூன்று முட்டை வாங்கிய ராத்திரி வேனில் யாரும் பேச மாட்டார்கள்.

---

லெஸ்டர்_சாரதி | 6 ஜனவரி, மாலை 6:03

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப்போகிறேன். லெஸ்டருக்கு வந்த புதிதில் வேலையிடத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் பிளாக்பேர்ட் ரோட்டைப் பற்றியே கதைப்பார். லெஸ்டர் லயன்ஸ் ஓடிய மைதானம் அது. 1983 சீசனோடு விற்றுப்போட்டார்கள், இப்ப அங்கே வீடுகள். "என் சீவியத்துக்குள்ள திரும்ப வராது" என்பார் மனுசன். வந்தது. 2011-இல் போமன்ட் பார்க்கில் புது ட்ராக் திறந்தார்கள். 28 வருசம். முதல் கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். நல்ல வடிவாக நினைவிருக்கு, மனுசன் புரோகிராமில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் ஹெல்மெட்டுக்கு நேரே புள்ளி எழுதி, கடைசியில் கூட்டிப் பார்த்து, அறிவிப்பாளர் சொன்ன கணக்கு பிழை என்று சண்டைக்குப் போனார். உண்மையில் பிழை அவருடையதுதான்.

பிராண்டன் போன பிறகு 2018-இல் கவென்ட்ரி அணி எங்கள் மைதானத்தில் வந்து மூன்றாம் டிவிஷனான நேஷனல் லீக் ஓடினது. ஆக்ஸ்ஃபோர்டும் 2007-இல் மூடி 2022-இல் திரும்பி வந்தது. வொர்க்கிங்டனும் திரும்பி வந்தது. ஆகவே கதவை உடனே சாத்தாதீர்கள், அண்ணை.

---

பிராண்டன்வாசி | 6 ஜனவரி, இரவு 8:30

சாரதி, அந்தப் பெரியவர் கதைக்கு நன்றி. ஆனால் வீட்டை இழந்தவனிடம் "28 வருஷத்தில் வேறு வீடு கிடைக்கும்" என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

பிராண்டனில் வீடு கட்டவும் முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. 2022-இல் ரக்பி கவுன்சில் அனுமதி மறுத்தது. மேல்முறையீடும் தள்ளுபடி. ரசிகர்கள் நடத்திய போராட்டத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. வீடும் வரவில்லை, பைக்கும் வரவில்லை. நடுவில் நிற்பது அந்தப் புதர்தான்.

---

கதிர்_விரோஸ்வாஃப் | 7 ஜனவரி, காலை 11:48

போலந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே வேலைக்கு வந்து நான்கு வருடம். முதல் தடவை லீக் மேட்சுக்குப் போனபோது கால்பந்து என்று நினைத்துத்தான் கூட்டத்தோடு டிராமில் ஏறினேன். தாத்தா, அப்பா, பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே மஃப்ளரில். ட்ராக்கில் இறங்கியது பைக்.

வித்தியாசம் எங்கே என்று கேட்டால், ஸ்டேடியம் யாருடையது என்பதில். டோரூனில் மோட்டோஅரேனாவை 2009-இல் நகரமே ஸ்பீட்வேக்காகக் கட்டிக் கொடுத்தது. இங்கே மேயர் தேர்தலில் ஸ்பீட்வே ஒரு விஷயம். 2024 வரை ஐந்து முறை உலக சாம்பியனான பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் முகம் விளம்பரப் பலகையில் சர்வசாதாரணம். பிரிட்டனில் டாய் வொஃபிண்டன் 2013, 2015, 2018 என்று மூன்று முறை உலக சாம்பியன். மான்செஸ்டர் பேருந்தில் அவரை எத்தனை பேர் அடையாளம் கண்டுகொள்வார்கள்?

ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன்: இங்கேயும் எல்லாம் பொன் இல்லை. நகராட்சிப் பணமும் பெரிய ஸ்பான்சர்களும் பின்வாங்கினால் பல கிளப்கள் தள்ளாடும். ஆனால் அடுத்த சீசன் ஓட்ட ட்ராக் இருக்குமா என்று கேட்டபடி யாரும் குளிர்காலத்தைக் கழிப்பதில்லை.

---

ஹீட்15 | 7 ஜனவரி, மதியம் 12:30

கதிர், மான்செஸ்டரிலும் கவுன்சில்தான் நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியத்தைக் கட்டிக் கொடுத்தது. 2016 மார்ச்சில் திறப்பு விழா. டிக்கெட் எடுத்து, ஊரெல்லாம் திரண்டு வந்து உட்கார்ந்தபின், ட்ராக் ஓட்டும் நிலையில் இல்லை என்று ரத்து செய்தார்கள்! புது ஸ்டேடியம், புது மண், முதல் ராத்திரியே இந்த அழகு. கட்டடம் யாருடையதாக இருந்தால் என்ன, நடத்தத் தெரிய வேண்டாமா?

---

ஹைட்ரோட்_தாத்தா | 7 ஜனவரி, மாலை 4:15

ஹீட்15 தம்பிக்கு: அந்த முதல் ராத்திரி நானும் அங்கே இருந்தேன், வெறுங்கையோடு திரும்பினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் இன்றைக்குப் பிரிட்டனில் பந்தயத்துக்கு ஏற்ற ட்ராக் எது என்று ரைடர்களைக் கேளுங்கள், பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள். அகலம் இருக்கிறது, வளைவில் மூன்று கோடு பிடித்து ஓட்டலாம். 2021-இல் பிரிட்டனின் ராபர்ட் லாம்பர்ட், டான் பியூலி, டாம் பிரென்னன் மூவரும் ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் கோப்பையைத் தூக்கியது அங்கேதான். 1989-க்கு அப்புறம் பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் உலக அணிப் பட்டம்.

நான் 70-களின் தொடக்கத்தில் மான்செஸ்டருக்கு வந்தவன். பெல் வியூ என்றால் எனக்கு அதன் பழைய மைதானமான ஹைட் ரோடுதான். பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. 1976-இல் பீட்டர் காலின்ஸ் உலக சாம்பியன் ஆனபோது தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். 1987-இல் அதை விற்றார்கள். இடித்துவிட்டுக் கார் ஏலம் விடும் இடமாக்கினார்கள். அன்றைக்கும் இதே பேச்சுதான்: இனி அவ்வளவுதான், கதை முடிந்தது.

அதற்கும் முன்னால் இன்னும் பெரிய சரிவைப் பார்த்த விளையாட்டு இது. 1928 பிப்ரவரியில் எப்பிங் காட்டில் ஹை பீச்சில் நடந்த போட்டிக்கு எதிர்பாராத கூட்டம் வந்து, ஆட்கள் ட்ராக் ஓரம் வரை நின்றார்கள். போருக்குப் பின் வெம்பிளி லயன்ஸ் மேட்சுக்குப் பல பத்தாயிரம் பேர். அப்புறம் கேளிக்கை வரி, தொலைக்காட்சி. 1957-இல் வெம்பிளியே விலகியது. 1959-இல் நாட்டின் முதன்மை லீக்கில் வெறும் 9 அணிகள். 2024-இல் பிரீமியர்ஷிப்பில் மட்டும் 7, கீழே சாம்பியன்ஷிப் தனி. அந்த 9-லிருந்துதான் எழுந்தார்கள். 1960-இல் ப்ராவின்ஷியல் லீக் என்று சின்ன ஊர்களை வைத்து ஆரம்பித்து, 1965-இல் இரண்டையும் சேர்த்து 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக். 1981-இல் வெம்பிளியில் கடைசியாக நடந்த உலக இறுதிப் போட்டியில் புரூஸ் பென்ஹால் ஜெயித்தபோது 90,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

செத்தது செத்தது என்று இந்த விளையாட்டுக்குப் பல தடவை பாடை கட்டியாயிற்று. பிணம்தான் எழுந்து போய்விடுகிறது.

---

பிராண்டன்வாசி | 7 ஜனவரி, இரவு 9:50

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். மனசுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது.

1960-இல் எங்கே ஓட்டினார்கள்? கிராட்லி ஹீத், எடின்பரோ மாதிரி முன்பு மூடிக் கிடந்த ட்ராக்குகளில். ட்ராக் அப்படியே இருந்தது, புல்லை வெட்டி, மண்ணைக் கொட்டித் திறந்தார்கள். இப்போது அதே கிராட்லி ஹீத்துக்குப் போனால் அதன் மைதானமான டட்லி வுட்டில் என்ன இருக்கிறது? 1995-இல் மூடினார்கள், இன்று வீடுகள். அந்த ஒரு ஊர் அணிக்கு ஓட்டியபடி உலக சாம்பியன் ஆனவர்கள் பென்ஹால், எரிக் குண்டர்சன் என்று ஒரு வரிசையே உண்டு. எடின்பரோக்காரர்கள் பாடு இன்னும் பாவம். பழைய மெடோபேங்க் மைதானம் 1970 காமன்வெல்த் போட்டிக்காகப் போனது, பிறகு பவுடர்ஹால் 1995-இல் விற்றுப்போனது, இப்போது ஊருக்கு வெளியே ஆர்மடேலில் ஓட்டுகிறார்கள்.

விளையாட்டு படுத்துக்கொண்டால் மறுபடி எழும், ஒப்புக்கொள்கிறேன். எழுந்து நிற்கக் கால் வைக்க மண் வேண்டுமே.

ஹீட்15, உங்கள் கூட்டக் கணக்குக்கும் இதோடு பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் கிளப் வாடகைக்கு இருக்கிறது. முதலாளி நாய்ப் பந்தயக்காரரோ, நிலம் வைத்திருக்கும் நிறுவனமோ. வாரம் ஒரு ராத்திரி, அதுவும் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மட்டும் வாடகை தருகிற ஆள் எவ்வளவு கூட்டம் சேர்த்தாலும் முந்நூறு வீட்டு மனைக்கு ஈடாக முடியுமா? பீட்டர்பரோ அணியை 2021-இல் கிழவர்கள் பட்டாளம் என்று கிண்டல் செய்தார்கள். ஸ்காட் நிக்கல்ஸ், கிறிஸ் ஹாரிஸ், ஹான்ஸ் ஆண்டர்சன், பியார்ன் பெடர்சன், எல்லாம் நாற்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்கள் லீக்கையே ஜெயித்தார்கள். அதைவிட நல்ல கதை எந்த விளையாட்டில் கிடைக்கும்? இரண்டே சீசன், மைதானம் போய்விட்டது. அங்கே கெஸ்ட் விதி என்ன செய்தது, டிராக்டர் என்ன செய்தது?

---

ஹீட்15 | 7 ஜனவரி, இரவு 11:05

சரி, பீட்டர்பரோ விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். டட்லி வுட் பாயிண்டும் நியாயம்தான், அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் அந்தக் கிழவர்கள் பட்டாளத்தை அடுத்த வருஷம் அப்படியே வைத்துக்கொள்ள முடிந்ததா? அணியின் மொத்த ஆவரேஜுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஜெயித்தால் ஆவரேஜ் ஏறும், ஏறினால் அடுத்த சீசனில் ஆளைக் கழற்றிவிட வேண்டும். ஜெயித்ததற்குத் தண்டனை! சின்னப் பையன் ஒருத்தன் அறைச் சுவரில் ரைடர் படம் ஒட்டினால் அடுத்த வருஷம் அந்த ரைடர் எதிரணியில். உங்கள் மகன் ஏன் திரும்பி வரவில்லை என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள் அண்ணா. பில்டர் பெயர் அவர் வாயில் வராது என்று பந்தயம் கட்டுகிறேன்.

---

மெத்தனால்_மணி | 8 ஜனவரி, மதியம் 2:10

வரம்பு இல்லாவிட்டால் காசுள்ள இரண்டு கிளப் எல்லாரையும் வாங்கிவிடும், மற்ற ஐந்தும் திவாலாகும். அதையும் பார்த்திருக்கிறோம். இதில் சுலபமான பதில் கிடையாது.

என் புகார் சின்னது, மழை. ஒரு ட்ராக், பெயர் வேண்டாம். காலையிலிருந்து தூறல். கிளப்புக்கு மூன்று தடவை போன் போட்டோம், "ஓடும், வாங்க" என்றார்கள். நூற்றிருபது மைல் வேன் ஓட்டிப் போய், பைக்கை இறக்கி, எஞ்சினைச் சூடாக்கி, ரைடர் உடுப்பு மாட்டியபின் ரெஃப்ரி நடந்து போய்க் குதிகாலால் மண்ணை ஒரு அழுத்து அழுத்தினார். தண்ணீர் கொப்பளித்தது. ரத்து. ஒரு புள்ளியும் இல்லை, ஆகவே வருமானமும் இல்லை. கேட்டுக்கு வெளியே ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளோடு பர்கர் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். பர்கர் கடைதான் அன்றைக்கு முழு மேட்ச் ஓட்டியது. அந்தக் குடும்பம் மறுபடி வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

---

லெஸ்டர்_சாரதி | 8 ஜனவரி, மாலை 7:22

மழைக்கு நானும் ஒரு கையெழுத்து. கார்டிஃப் மட்டும்தான் மழைக்குப் பயப்படாமல் போன இடம், கூரையை மூடிப்போடுவார்கள். 2007-இல் கிறிஸ் ஹாரிஸ் கடைசிச் சுற்றில் கிரெக் ஹான்காக்கை முந்தினபோது எனக்கு முன்னால் இருந்த சனம் முழுக்க எழும்பி நின்றதால் நான் அதைப் பார்க்கவேயில்லை. சத்தம் மட்டும் கேட்டது. இப்ப உலக சாம்பியன்ஷிப்பின் பிரிட்டிஷ் சுற்றான அந்த கிராண்ட் பிரீயையும் கார்டிஃபிலிருந்து எடுத்து ஜூனில் மான்செஸ்டரில் வைக்கப்போகிறார்களாம். நல்ல ட்ராக், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2001-லிருந்து, ஸ்பீட்வே பார்க்காத சினேகிதனையும் வருசத்துக்கு ஒருக்கால் இழுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரே இடம் அதுதான். அந்த வாசலையும் சாத்தியாச்சு.

---

கதிர்_விரோஸ்வாஃப் | 8 ஜனவரி, இரவு 8:01

இங்கே எல்லோரும் அதைப் பெரிய ஸ்டேடியத்திலிருந்து சின்ன ஸ்டேடியத்துக்கு இறக்கம் என்றுதான் பேசுகிறார்கள். நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தற்காலிகமாக மண் கொட்டிப் போட்ட ட்ராக்கைவிட உண்மையான ட்ராக்கில் பியூலி தன் கிளப்பான பெல் வியூவின் ரசிகர்களுக்கு முன்னால் ஓட்டுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

---

பிராண்டன்வாசி | 9 ஜனவரி, இரவு 10:16

ஹீட்15, பந்தயத்தில் பாதி ஜெயித்தீர்கள். மகனிடம் கேட்டேன். பில்டர் பெயரும் சொல்லவில்லை, கெஸ்ட் ரைடரையும் சொல்லவில்லை. "அப்ப வெள்ளிக்கிழமைதானே பிராண்டன், அது பக்கம், நடந்தே போவோம். இப்ப திங்கள் ராத்திரி மான்செஸ்டருக்கு ரெண்டு மணி நேரம் யார் கார் ஓட்டுறது?" என்றான். டிவிக்காகத் திங்கள், வியாழன் என்று வைத்தது அவனுக்குத் தோதுப்படவில்லை.

ஜூன் மாதம் என்று சொல்லிப் பார்த்தேன். நிமிரவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே, "நாலாவது வளைவுன்னா வரேன்" என்றான்.

இரண்டு டிக்கெட் எடுக்கிறேன். கவென்ட்ரியிலிருந்து காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

---

ஹைட்ரோட்_தாத்தா | 9 ஜனவரி, இரவு 10:31

என் வீட்டு வாசலில் காரை விட்டுவிடுங்கள், பார்க்கிங் காசு மிச்சம். சாப்பாடும் இங்கேதான்.

---

லெஸ்டர்_சாரதி | 9 ஜனவரி, இரவு 10:44

அண்ணை, நான் ஒன்று. லெஸ்டருக்கு ஒருக்கால் வளைந்து வர வேணும்.

---

மெத்தனால்_மணி | 9 ஜனவரி, இரவு 11:20

வெள்ளைச் சட்டை வேண்டாம். அப்புறம் புரோகிராமில் புள்ளி எழுத எல்லோரும் அவரவர் பேனா கொண்டு வாருங்கள். போன சீசன் ஷெஃபீல்டில் ஐந்தாவது ஹீட்டில் என்னிடம் வாங்கிய பேனா இன்னும் திரும்பி வரவில்லை. வாங்கியவர் இந்த இழையில்தான் இருக்கிறார்.

---

ஹீட்15 | 9 ஜனவரி, இரவு 11:22

அது தானாகவே எழுதாமல் போய்விட்டது அண்ணே.